சப்டைட்டில் மேல் ஒட்டிய காகிதம்

டிவி திரையின் அடிப்பகுதியை மறைத்து நீளமாக ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார் கணவர். படம் பார்த்தே பிரெஞ்சு கற்றுக்கொள்கிறார்; சப்டைட்டிலைப் படித்தால் மொழி வராதாம்.

“இவ ஏன் அழறா?” என்றாள் மனைவி.

“புருஷனை எதுத்துப் பேசிட்டா. இப்ப மன்னிப்புக் கேக்கறா.”

“போன வாரப் படத்துக்கும் இதைத்தானே சொன்னீங்க?”

“பிரெஞ்சுக் கதையெல்லாம் அப்படித்தான். குடும்பம் நடத்தறது எப்படின்னு அவங்களைப் பாத்துக் கத்துக்க. நேத்து நீயும் மன்னிப்புக் கேட்டிருந்தா நான் கை ஓங்கியிருப்பேனா?”

திரையில் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

“கடைக்குப் போறா. வந்துடுவா,” என்றார்.

“வரமாட்டா.”

“உனக்குப் பிரெஞ்சுல ஒரு வார்த்தையாவது தெரியுமா?”

“தெரியாது. நீங்க ஆபீஸ் போனதும் காகிதத்தைப் பிரிச்சுட்டு, இதையும் சேத்து நீங்க எடுத்து வச்ச எல்லாப் படத்தையும் தமிழ் சப்டைட்டில் படிச்சுப் பாத்துட்டேன். ஒருத்திகூட மன்னிப்புக் கேக்கல. உங்களுக்குப் புரியாத இடத்துல எல்லாம் பழியைத் தூக்கிப் பொண்டாட்டி தலையில போட்டிருக்கீங்க.”

சோபாவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

“எங்க போற?”

“கடைக்கு,” என்று கதவைச் சாத்தினாள்.