எடுத்து வைக்காத கொலு

மழை விட்ட வெளிச்சம் தோட்டத்து மேப்பிள் இலைகளில் வடிந்து, பச்சையாக உள்ளே விழுகிறது. மீன்பிடிக்க வந்த ஜப்பானியர்கள் குடியிருந்த இந்தக் கனடியக் கரையில் மிஞ்சியிருப்பது, அருங்காட்சியகமாகிவிட்ட இந்த ஒரு வீடுதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், சிவப்புத் துணிமேல் ராஜாவும் ராணியுமாக இரண்டு பொம்மைகள். ராணிக்குச் சுண்டுவிரல் இல்லை. ஃபுமிகோ அத்தையின் கண் அதிலேயே நிற்கிறது. “பக்கத்து வீட்டுக்காரங்க இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்து கொடுத்தாங்க. நாங்களும் கொலுவை எடுத்து உள்ள வைக்கிறதே இல்ல,” என்கிறாள் வழிகாட்டிப் பெண், பூரிப்போடு. அத்தை அடிக்கடி சொல்லும் பொம்மை இதுதான் என்று அண்ணன் மகள் கரோலுக்குப் புரிகிறது. பெண் குழந்தைகளுக்காக ஜப்பானியர்கள் வைக்கும் மார்ச் கொலு முடிந்ததும் பொம்மைகளைப் பெட்டியில் வைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகும் என்பார்கள். உலகப் போர்க்காலத்தில் போலீஸ் வந்து ஜப்பானியர் எல்லாரையும் வெளியேற்றியதும் ஒரு மார்ச்சில்தான், பொம்மைகளை எடுத்து வைப்பதற்குள். அத்தைக்குக் கல்யாணமே ஆகவில்லை. “உங்களுதுன்னு சொல்லுங்க, அத்தை,” என்று கிசுகிசுக்கிறாள். “சொன்னா? எழுபது வயசுல மாப்பிள்ளை பார்ப்பியா?” ஃபுமிகோ குரலைத் தாழ்த்துகிறாள். “பெட்டியில வைக்க முடியலன்னா, திருப்பி உட்கார வைன்னு அம்மா சொல்லுவா. அவங்க வீட்டுக்குப் போயாச்சுன்னு அர்த்தம். நீ அந்தப் பொண்ணுகிட்ட எதையாவது கேளு.” தோட்டத்துக் குளத்தில் மீன் உண்டா என்று கரோல் கேட்கிறாள். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி உற்சாகமாக விவரிக்கிறாள். பின்னால் கயிறு முனகுகிறது, பட்டு சரசரக்கிறது. கரோல் திரும்பும்போது ராணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ராஜா அப்படியே இருக்கிறார். அத்தையின் கை இன்னும் கயிற்றுக்கு மேல் நீண்டிருக்கிறது. “அவரு எட்டல,” என்கிறாள்.