காணாமல் போன மனு

"ஏதோ அழிச்சா. நான் பாத்தேன்" என்றார் கோதண்டம்.

பூமாரியின் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற மொத்தத் தெருவும் அவள் பக்கம் திரும்பியது.

தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவைக் கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் பழகிப்போன ரோதனைதான். போன மாதம் கோதண்டத்தின் மனைவி பட்டம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தபோதுதான் அது வேறு மாதிரி ஆனது. ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மனைவியைப் படுக்கவைத்து, லாரிகளுக்கு நடுவே வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார் கோதண்டம். அவள் ஆயுசு கெட்டி, பிழைத்தாள்.

இன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். "ராப்பகலா குந்தி மனு டைப் அடிச்சிகினு கீறேன்" என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்த தெரு நலச் சங்கச் செயலாளர் கருணாகரன், காலையில் சங்கத்து லேப்டாப்பைப் பூமாரியிடம் நீட்டினார்.

"அதுல எங்கியோதான் கீது. பாத்து பிரிண்டு போட்டுக் குடும்மா."

"கடைசியா தொறந்த ஃபைலுங்க லிஸ்ட்ல பாத்தா தெரிஞ்சிடும்" என்று அவள் திறந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவர் கோதண்டம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதால் எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நீளமாக ஒரு லிஸ்ட் வந்ததும், பூமாரி வாசலில் நின்ற கூட்டத்தை ஒருதரம் பார்த்ததும், படபடவென்று எதையோ அமுக்கியதும், லிஸ்ட் மறைந்து திரை வெள்ளையானதும் தெரிந்தது.

"இன்னா பூமாரி, மெய்யா?" என்றாள் மீன் விற்கும் ஜெயக்கொடி.

"ஆமா. கை தவறிப் பூட்ச்சி."

"கை தவறிச்சா? ஒன் வூட்டுக்காரன் ஓட்றதே கண்டெய்னர் லாரி. அதான் கை தவறுது."

கருணாகரன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நேத்துகூட ஒருதபா படிச்சிப் பாத்தேன்யா. மூணு மாச உழைப்பு."



பூமாரி எல்லோர் முன்னாலும் தேடிப் பார்த்தாள். 'மனு' என்று அடித்துத் தேடினாள். டவுன்லோடில் பார்த்தாள். அழித்த ஃபைல்கள் போய் விழும் குப்பைத் தொட்டியையும் திறந்தாள். காலி. அவ்வளவு சுத்தமான குப்பைத் தொட்டியை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"லாரிக்காரனுங்க இன்னா குடுத்தானுங்க ஒனக்கு?" என்றார் கோதண்டம்.

பூமாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாதி இப்பத் திட்டுங்க, மீதிய சாயந்தரம் வந்து திட்டுங்க. ஆபீசரு நமக்காக ராத்திரி வரைக்கும் குந்திகினு இருக்க மாட்டாரு. ஒவ்வொருத்தரா சொல்லுங்க, அடிக்கறேன்."

வேறு வழியில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்கூல் வேன் உள்ளே வராததை ஒருவர் சொன்னார். லாரி இடித்துச் சாய்ந்த கரண்ட் கம்பத்தை ஜெயக்கொடி சொன்னாள். கோதண்டத்தின் முறை வந்தபோது மீன்பாடி வண்டி வரைக்கும் சொன்னவர், திரும்பவும் ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கே போய் ஆரம்பித்தார்.

"பொறுமையா சொல்லுணா" என்றாள் பூமாரி. "இதான் முதல்ல வரணும்."

கடைசியில் தெருவில் தினமும் நிற்கும் லாரிகளின் நம்பர்களையும் அடித்தாள். படித்துக் காட்டியபோது கோதண்டம் நிமிர்ந்தார்.

"இது ஒன் புருசன் வண்டியாச்சே."

"அதுவும் நம்ம தெருவுலதான நிக்குது? என் புருசன் வண்டின்னா ஆம்புலன்ஸ் தாண்டி குதிச்சிப் பூடுமா?"



கருணாகரன் மனுவை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "நான் எழுதினதுல பாதி அழகு இல்ல. சரி, நம்ம தெருப் பொண்ணு, மன்னிச்சி வுடுங்க" என்று பெரிய மனசு பண்ணினார். கூட்டம் அவரை நன்றியோடு பார்த்தது. முதல் கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீசுக்குப் போகும் பாரிமுனை பஸ்ஸைப் பிடிக்க முன்னால் நடந்தார். தெருவே பின்னால் போனது.

கோதண்டம் மட்டும் நாலடி போய்த் திரும்பி வந்தார்.

"பூமாரி, ஒண்ணு கேக்கறேன். புருசன் வண்டி நம்பரையே எழுதறவ, அந்த மனுவ ஏன் அழிச்ச?"

"நான் அழிச்சது லிஸ்ட்ட மட்டும்தாணா. லிஸ்ட் போனா ஃபைல் போவாது."

"அப்ப மனு?"

பூமாரி லேப்டாப்பை மூடினாள்.

"அந்த லிஸ்ட் மொத்தமும் செயலாளரோட பொறந்தநாள் பேனரு டிசைனுணா, மனுன்னு ஒண்ணு இருந்தாதான அழிக்கறதுக்கு, நீங்கல்லாம் அதப் பாத்திருந்தா இந்நேரம் அவர ஒதைச்சிகினு இங்கியே நின்னிருப்பீங்க, ஆபீசுக்கு யாரு போறது?"