நாற்காலி சாய்ந்த பக்கம்

வீடியோ கேமில் குட்டி மனிதன் பள்ளம் தாண்டும்போதெல்லாம், விளையாடிக்கொண்டிருந்த பொற்கொடியும் பிளாஸ்டிக் நாற்காலியோடு வலப்பக்கம் சாய்வாள். நாற்காலியின் இரண்டு கால்கள் அந்தரத்தில் நிற்கும்.

"பாத்தியா, நான் சாஞ்சதாலதான் தாண்டினான்!" என்று நாற்காலி கூத்தாடியது.

அவள் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கின் ஜம்ப் பட்டன் விழுந்து விழுந்து சிரித்தது. "அட போண்ணே! அவனைத் தாவ வைக்கிறதே நான்தான். உனக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு ஒயராவது இருக்கா?"

கடைசிப் பள்ளம் வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் அகலம். குட்டி மனிதனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு உயிர். பொற்கொடி பட்டனை அழுத்தினாள். அவன் எம்பினான், பறந்தான், எதிர்க்கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கத் தொடங்கினான்.

"அண்ணே!" என்று அலறியது பட்டன். "சாயுண்ணே! இன்னும் கொஞ்சம் சாயுண்ணே!"