மயிலிட்டிப் பஸ்ஸில் ஒரு கருவாடு

"பறிக்குள்ளை என்ன, அண்ணை?"

"கருவாடு" என்றான் முருகேசு.

கொண்டக்டர் இராசநாயகம் குனிந்து பார்த்தார். வாயை வலைத்துண்டால் இறுக்கிக் கட்டிய மீன்பறிக் கூடை. மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அது ஒன்றும் புதினமில்லை.

"கருவாடெண்டால் பரவாயில்லை. உயிருள்ளது ஒண்டும் ஏத்தக்கூடாது. சட்டம் தெரியும்தானே?"

தெரியாமல் இருக்குமா? போன கிழமைதான் ஒரு சேவலையும் அதன் சொந்தக்காரரையும் சேர்த்து மல்லாகம் சந்தியில் இறக்கிவிட்ட மனுஷன் இவர்.

"முன் சீற்றுக்குக் கீழை வையுங்கோ. என்ரை சோத்துப் பெட்டியும் அங்கைதான் கிடக்கு, காலாலை தட்டிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் ரிக்கற் கொடுக்கப் போனார்.

முருகேசுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பறிக்குள் இருந்தது ராங்கி. எங்கிருந்தோ வந்து அவனுடைய படகுக் கொட்டிலில் தானாகவே குடியேறிய கடற்கரைப் பூனை. அது வந்த நாள் முதல் வலைகளை எலி கடித்ததில்லை. முருகேசுவின் மனைவி கமலாவதி வைக்கும் மீன்தலையை நன்றாகத் தின்னும். தொடப்போனால் மட்டும் கையைக் கிழித்துவிடும். அந்த இறுமாப்புக்குத்தான் அந்தப் பெயர்.

மூன்று நாட்களுக்கு முன் அதன் தொண்டையில் முள் சிக்கிவிட்டது. தீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஊரையே எழுப்பும் அந்தக் கரகரத்த குரலும் நின்றுபோனது. மாட்டு டாக்குத்தர் மயிலிட்டிப் பக்கம் வருவது மாதத்தில் ஒருநாள். மற்ற நாட்களில் யாழ்ப்பாணத்துக்குப் போய், பன்னிரண்டு மணிக்குள் அவரைப் பிடிக்க வேண்டும். இந்தப் பஸ்ஸை விட்டால் அதற்கு வேறு பஸ் இல்லை. இன்னொரு நாள் ராங்கி தாங்காது என்று கமலாவதி விடியவே அழத் தொடங்கிவிட்டாள். முருகேசு வீச்சுவலையை எடுத்தான். முதல் வீச்சில் கமலாவதி அகப்பட்டாள். இரண்டாவதில்தான் ராங்கி.

பஸ் தெல்லிப்பழையைத் தாண்டியது. சீற்றுக்குக் கீழிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

"மியாவ்."

முருகேசு காலை நகர்த்திப் பறியை மறைத்தான். பக்கத்தில் இருந்த கமலாவதியின் முகமோ மலர்ந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, கத்துறாள். மூண்டு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய் திறக்கிறாள்" என்று அவன் காதுக்குள் சொன்னாள். "பாவம், குரல் எவ்வளவு இளைச்சுப்போச்சு. எண்டாலும் சுகம் வருது."

"சும்மா இரு கமலா. இப்ப சுகம் வந்தால் மூண்டு பேரும் மல்லாகம் சந்தியிலைதான் நிக்கவேணும்."

"மியாவ்" என்றது மறுபடியும், கொஞ்சம் உரத்து. முருகேசு சட்டென்று இருமினான். கொண்டக்டர் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னுக்கு ஓடி வந்தார்.

"இருமலோ அண்ணை?"

"ஓம் தம்பி. கடற்காத்து."

"இருமலை அடக்கக்கூடாது. நல்லாப் பலத்து இருமுங்கோ."

முருகேசு இருமினான். அது கத்தக் கத்த, அவனும் விடாமல் இருமினான். கமலாவதி ஒவ்வொரு கத்தலுக்கும் பூரித்துப்போனாள்.

"ஆரோ கருவாட்டை உயிரோடை கொண்டுபோகினம் போலை கிடக்கு" என்றார் பின் சீற்றில் இருந்த ஒருவர். பஸ்ஸே சிரித்தது. எல்லோரும் கொண்டக்டரைப் பார்த்தார்கள். அவரோ வெளியே எட்டிப் பார்த்தபடி, "சுன்னாகம், சுன்னாகம் இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். சுன்னாகத்துக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது முருகேசுவுக்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது. பறியைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். டாக்குத்தர் கதவைச் சாத்த இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது.

ராங்கியை வலையோடு சேர்த்து மேசையில் அமத்திப் பிடித்தார்கள். டாக்குத்தர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தார்.

"பெரிய முள்ளு. குறுக்காலை கிடக்கு. இந்தத் தொண்டையாலை ஒரு சத்தமும் வந்திராதே."

"வழி முழுக்கக் கத்தினவள் ஐயா" என்றாள் கமலாவதி.

"இருக்காது பிள்ளை. மூச்சுப் போறதே பெரிய பாடு."

கமலாவதியின் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு தூரம் சந்தோஷப்பட்டது வீண்தானா? அவள் முருகேசுவைப் பார்த்தாள். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

டாக்குத்தர் சின்னக் குறடு ஒன்றை உள்ளே விட்டு, ஒரு இழுவையில் முள்ளை எடுத்தார். ஒரு கணம் ராங்கி அசையாமல் கிடந்தது. பிறகு மூன்று நாள் கோபத்தையும் சேர்த்துவைத்து, அந்தப் பழைய கரகரத்த குரலில் அலறியபடி அவருடைய கையுறையைக் கடித்தது. டாக்குத்தர் கையை உதறினார். கமலாவதி அழுதுகொண்டே சிரித்தாள். இதுதான் அவளுடைய ராங்கி.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. காக்கிச் சட்டையோடு கொண்டக்டர் இராசநாயகம் மூச்சு வாங்க நின்றார். இவர்களைக் கண்டதும் திரும்பப் போகப் பார்த்தார். பிறகு வலைக்குள் கிடந்த ராங்கியைப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே வந்தார்.

"கருவாட்டுக்கு இப்ப சுகமோ அண்ணை?" என்று கேட்டபடி, நெஞ்சோடு அணைத்திருந்த சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். மெலிந்த சாம்பல் நிறத் தலை ஒன்று எட்டிப் பார்த்து, "மியாவ்" என்றது.

"குறை நினைக்காதேங்கோ, அண்ணை. வழி முழுக்கக் கத்தினது என்ரை சோறுதான்."