பின்வாசல் பூட்டு

"இதோ பாருங்க, தெர்மோஸ்டாட்ல நெருப்புப் படம் காட்டுது. ஆனா பாய்லர் பத்தவே மாட்டேங்குது!"

வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்க சுவரில் மாட்டியிருந்த அந்த வட்டத் திரையை எலியட் விரலால் தட்டிக் காட்டினான். வீட்டுக்குள் நின்று பேசும்போதே குளிரில் அவன் வாயிலிருந்து புகை வந்தது.

வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஷீனா கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலேயே திரையைப் பார்த்தாள். "பேட்டரி மாத்துனியா?"

"மாத்திட்டேன். வைஃபையை அணைச்சுப் போட்டேன். ஆப்பை அழிச்சுட்டு மறுபடி ஏத்தினேன். கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு, 'அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க'ன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுது." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னைக்கு மத்தியானம் என் பொண்ணு வீட்டுக்கு வர்றா. குறைமாசத்துல பொறந்தவ. இத்தனை நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருந்தா. வீடு சூடா இல்லேன்னா அனுப்ப மாட்டோம்னு நர்ஸ் கறாரா சொல்லிட்டாங்க."

ஷீனா சமையலறைக்குப் போய்ப் பாய்லரில் காதை வைத்துக் கேட்டாள்.

"தெர்மோஸ்டாட் மேல பழி போடாதே கண்ணு. அது ஒழுங்காத்தான் சொல்லுது. பாய்லரும் பத்தப் பார்த்துட்டுத் தானே நின்னுடுது. களக் களக்குன்னு சத்தம் கேக்குதா? உள்ள தண்ணி தேங்கிக் கிடக்கு."

"அப்போ அந்தக் கிழவன் வேலைதான்!" எலியட் பல்லைக் கடித்தான்.

"எந்தக் கிழவன்?"

"பக்கத்து வீட்டு ஓக்டன். ராத்திரி பூரா நான் ஆஸ்பத்திரியில என் பொண்டாட்டி ஹேசல்கூட இருக்கேன். விடியற நேரத்துல அவன் எங்க கொல்லைக்குள்ள வர்றான். கேமராவுல பார்த்தேன். கோட்டுக்குள்ள எதையோ மறைச்சுக்கிட்டு வந்து, சுவரோரமா குனிஞ்சு என்னமோ பண்ணிட்டுப் போறான். அப்புறம் பார்த்தா அங்க ஒரே பனிக்கட்டி. நேத்து அதுல வழுக்கி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டேன்."

"அவருக்கு உன்மேல என்ன கோபம்?"

"அவன் ஆசையா வளர்த்த ரோஜாக்கொடி எங்க பக்கம் படர்ந்துச்சுன்னு கோடையில அடியோட வெட்டிட்டேன். அந்த வன்மம்தான், வேறென்ன?"

"நேர்ல கேட்டியா?"

"கேக்காம விடுவேனா? நேத்து சாயங்காலம் நடுத்தெருவுல நிக்க வெச்சு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். என்னமோ சொல்ல வாயைத் திறந்தான். 'ஒரு வார்த்தை பேசாதே, இனிமே என் வாசப்படி மிதிக்காதே'ன்னுட்டேன். பின்வாசல் கேட்டுக்குப் பெரிய பூட்டா வாங்கிப் போட்டேன். அதுக்கு முன்னாடியே எதையோ கெடுத்து வெச்சிருக்கான் பாருங்க! போன வாரம் பூரா இதைவிடக் குளிர். அப்பல்லாம் காலையில வந்தா வீடு கதகதன்னு இருந்துச்சு."

போன் அடித்தது. ஹேசல்தான்.

"எலியட், குட்டிக்குத் தொப்பியெல்லாம் போட்டாச்சு. என்னமா முழிக்கிறா தெரியுமா? வீடு சூடாயிடுச்சான்னு நர்ஸ் கேக்கறாங்க."

அறையைச் சூடாக்கும் சுவரோர ரேடியேட்டரை அவன் தொட்டுப் பார்த்தான்; ஜில்லென்றிருந்தது. "ஆயிட்டே இருக்கு" என்று பொய் சொல்லி வைத்தான்.

ஷீனா அதற்குள் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம் இறங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைத் திருப்புளியால் தட்டினாள். கல்லைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"ஒரு ஜக்குல வெந்நீர் கொண்டா. கொதிக்கக் கொதிக்க வேணாம், கை பொறுக்கிற சூடு போதும்."

எலியட் ஓடிப் போய்க் கொண்டுவந்தான். அவள் குழாயின் மேல் மெதுவாக ஊற்றினாள். வழிந்த தண்ணீர் கல் தரையில் ஓடி, நேற்று அவன் வழுக்கி விழுந்த இடத்தில் போய்த் தேங்கியது.

ஷீனா உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்தினாள். பாய்லர் குபுக்கென்று பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரும் சூடேற ஆரம்பித்தது. எலியட் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"பாய்லர் கழிக்கிற தண்ணி அந்தக் குழாய் வழியாத்தான் வெளியே போகணும்" என்றாள் ஷீனா, கையைத் துடைத்துக்கொண்டே. "மெல்லிசான குழாய், வெயிலே படாத சுவர், மேல ஒரு துணிகூடச் சுத்தல. ராத்திரி பனி இறங்கினா உறைஞ்சு அடைச்சுக்கும், பாய்லர் நின்னுடும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் மாட்டின குழாய் போலிருக்கு, பக்கத்து வீட்டுச் சுவர்லயும் இதே கூத்துதான் தெரியுது. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. போன வாரம் பூரா இதைவிடக் குளிர்னு சொன்னே. தினம் காலையில யாரும் வெந்நீர் ஊத்தாம உன் பாய்லர் எப்படி எரிஞ்சுது?"

எலியட் ஜன்னல் வழியே, வெந்நீர் வழிந்து தேங்கிய இடத்தைப் பார்த்தான். மெல்ல அவன் முகம் வெளுத்தது. சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். பனியில் விறைத்த பூட்டுக்குள் சாவி லேசில் நுழையவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஒருவழியாகத் திறந்தான். ஓக்டன் நின்றிருந்தார். கிழவரின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. கோட்டுக்குள்ளிருந்து, துண்டு சுற்றிய எதையோ வெளியே எடுத்தார். அதன் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"குழந்தை இன்னைக்குத்தானே வருது?" என்றார். "இது மூணாவது கெட்டில், தம்பி. முன்ன கொண்டாந்த ரெண்டும் உன் பூட்டுக்கு வெளியவே ஆறிப்போச்சு."