அட்டையில் ஏறிய ராஜா

மனித குலத்தின் ஞாபகத்தைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு இனிமேல் புரோகிராமர்களுடையது என்று, அறுபத்தேழாம் வருஷத்து ஆனிச் சாரலில், ஐந்தருவிக்கு எதிரே நிற்கும் குதிரைவண்டியில் உட்கார்ந்து தாணுமூர்த்தி அறிவிக்கிறான். அருவியில் குளித்தும் காதோரம் எண்ணெய் இன்னும் வழிகிறது. நாலு மணிக்கு இலஞ்சியில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். குதிரை நிலைகொள்ளாமல் குளம்பைத் தட்டுகிறது. அவன் காலும் தட்டுகிறது. "எங்க கம்ப்யூட்டர் மெஷின்ல மொத்தமே நாலாயிரம் எழுத்துக்குத்தான் இடம். பழசு மேலேயே புதுசை எழுதணும். ராஜா செத்தா அதே நாற்காலியில அடுத்த ராஜா." அவனோடு சென்னை ஆபீஸில் புரோகிராமராக வேலை பார்க்கும் தென்காசிக்காரன் அகமது கபீர் சிரிக்கிறான். "அதான்லே காலையில சொன்னேன். 'எங்கப்பா காலத்துல அரண்மனையில எத்தனை முட்டாள்?'னு ஒரு ராஜா கேட்டானாம். 'ஒருத்தர்தான் மகாராஜா, இப்பவும் ஒருத்தர்தான்'னானாம் மந்திரி." தாணுமூர்த்தி பெருமையோடு சட்டைப்பையிலிருந்து மெஷினுக்குப் போடும் துளை அட்டை ஒன்றை எடுக்கிறான். "அதை அப்பவே எழுதி வச்சிட்டேன். ஊருக்கு ஒரே அட்டைதான் கொண்டாந்தேன். பென்சில்தானே, அழிச்சு அழிச்சு எழுதிக்கிடுவேன்." வண்டிக்காரர் மாடன் திரும்பிப் பார்க்கிறார். "இலஞ்சியில யாரு வீட்டுக்கு அண்ணாச்சி போணும்?" தாணுமூர்த்தி அட்டையைத் திருப்புகிறான். மறுபடியும் திருப்புகிறான். "ஏலே, விலாசத்தையா அழிச்சே?" என்கிறான் கபீர். அட்டையில் ராஜா இருக்கிறார், மந்திரி இருக்கிறார். பெண்ணின் பெயரும் அதே இடத்தில்தான் இருந்தது.