முதலாளிக்குத் தெரியாது

வரிசையில் செல்லக்கண்ணுவுக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர்தான். அவள் கையில் இருந்த சீட்டில் முப்பத்தேழு என்று எழுதியிருந்தது.

கை வேர்த்து வேர்த்து, ஏழு பாதி அழிந்துவிட்டது.

ஃபேரர் பார்க் பக்கத்துத் திடலில் ஒரு வெள்ளைக் கூடாரம், அதை ஒட்டி எக்ஸ்ரே வண்டி. காசநோய்ப் பரிசோதனை இலவசம் என்று தமிழிலும் வங்காளத்திலும் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி இங்கேதான் நின்றது. ஆளுக்கொரு டம்ளர் ஐஸ் போட்ட மைலோ பானமும் கொடுத்தார்கள், அதுவும் ஒரு காரணம்.

மைக்கில் ஒரு பெண் குரல் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, அச்சம் வேண்டாம். உங்கள் பெயர் வேண்டாம், எண் போதும். முதலாளிக்குத் தெரியாது."

செய்தி வாசிப்பதுபோல அப்படி ஒரு சுத்தத் தமிழ்! யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும் என்று செல்லக்கண்ணு மனசுக்குள் வாழ்த்தினாள்.

அவளுக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. முந்தாநாள் இருமியபோது கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

தனக்காக இல்லை. அதுதான் கூத்து.

செம்பவாங்கில் அவள் வேலை செய்யும் வீட்டில் இரண்டரை வயசு இனியா இருக்கிறாள். அந்தக் குட்டிப் போக்கிரிக்குச் செல்லக்கண்ணு முதல் வாய் தின்று காட்ட வேண்டும், அப்புறம்தான் வாயைத் திறப்பாள். அதுவும் அதே ஸ்பூனில். வேறு ஸ்பூன் எடுத்தால் துப்பிவிடுவாள். தூங்குவதும் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான். மாஸ்க் போட்டுக்கொண்டு படுத்தால் பிய்த்து எறிந்துவிட்டு, "செல்லா, மூஞ்சி காட்டு" என்பாள்.

இதற்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

மேடத்திடம் சொல்லலாம்தான். ஆனால் போன மாதம் மேடம் போனில் பேசியது காதில் விழுந்து தொலைத்துவிட்டதே. எதிர் பிளாக்கில் வேலை பார்த்த பெண் பத்து நாள் இருமினாள். பதினோராம் நாள் ஊருக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு லா. சின்னப் பிள்ளை இருக்கற வீடு, யாரு ரிஸ்க் எடுப்பா?" என்று இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் லாவோடு மேடம் சொன்னார்.

மேடம் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தீபாவளிக்குச் சுடிதார் எடுத்துத் தருவார். மாதத்தில் ஒரு ஞாயிறு, லீவு தவறியதே இல்லை. இன்று காலையில்கூட, "எனக்கு நைட் வரைக்கும் வெளிய வேலை இருக்கு. ஆறு மணிக்குள்ள வந்துடு செல்லா, நீ இல்லாம இனியா சாப்பிடமாட்டா" என்று பிள்ளையைச் சாரிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஊரில் செல்லக்கண்ணுவின் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வேலை போனால் அவள் படிப்புக்கும் வேட்டுதான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? துப்பட்டாவால் தலையை மூடி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். இல்லை என்று வந்தால் பிள்ளையை அள்ளி ஆசை தீர முத்தம் கொடுக்கலாம். இருக்கிறது என்று வந்தால் சத்தமில்லாமல் மாத்திரை தின்று சரிசெய்துகொள்ளலாம். அதைத்தானே மைக்கில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.

முப்பத்தாறாம் நம்பர்க்காரன் கூடாரத்து வாசல்வரை போய்த் தயங்கி நின்றான். மைக் குரல் சுத்தத் தமிழை விட்டுவிட்டுச் சிரித்தது.

"அண்ணே, சும்மா உள்ள போங்க லா!"

அந்த லா.

கொஞ்சம் இழுத்து, கடைசியில் லேசாகத் தூக்கி. செல்லக்கண்ணு தினமும் கேட்கிற லா. கழுத்தை நீட்டி, மைக் இருந்த பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

அது போதும்.

சீட்டைப் பின்னால் நின்றவன் கையில் திணித்துவிட்டு வரிசையை விட்டு விலகினாள்.

"என்னக்கா, உங்க நம்பர் வந்துடுச்சு, எங்க போறீங்க?" என்றான் அவன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் இருமல் முட்டியது. அடக்கிக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் குரல் அவள் முதுகைப் பிடித்துவிட்டது.

"அக்கா! நீலத் துப்பட்டா அக்கா! பயப்படாதீங்க, போகாதீங்க. சத்தியமா உங்க முதலாளிக்குத் தெரியாது!"

அக்காவாம். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா அதுங்கள நினைச்சுப் பாருங்க அக்கா!"

நினைத்துக்கொண்டேதான் செல்லக்கண்ணு எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் இறங்கினாள். மணி நாலே முக்கால். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி, ஆறு மணிக்குள் செம்பவாங் போய்ச் சேர வேண்டும். சோறு ஊட்ட வேண்டும். முதல் வாய் அவள்தான் தின்று காட்ட வேண்டும்.

இனியாவின் அம்மா வர நேரமாகும். மைக்கை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.